ஏழாம் எண்

பகலில் மார்க்கெட் தெருவில்
ஒரு பெரிய கடையின் தரைத்தளத்தில்
உதட்டுச் சாயம் விற்பேன்.
இரவில், மூடிப்போன சலவைக்கடையின் நிலவறையில்
எழுபது நாற்காலி நாடகத்துக்கு
முகம் எழுதுவேன்.
சம்பளம் கிடையாது. சூப் உண்டு.

பிலடெல்பியா, எண்பத்தாறு, மார்ச்.
குழாய்களில் இன்னும் சோப்பு வாசனை.

காஸிமிர்தான் நோயாளி,
நாடகத்தில்.
நீச்சல்காரன். அவன் ஆப்பிள் கடிப்பது
பக்கத்து அறைக்குக் கேட்கும்.
அவன் கழுத்தில், மார்பில், மூக்கு நுனியில்
கத்தரிப்பூ நிறத்தில் ஒவ்வொன்றாய் வைப்பேன்.
ஓரம் கலங்க வேண்டும், விரலால் தட்டுவேன்.
"கூசுது வெர்னா" என்பான்.

அடுத்த நாற்காலியில் ஆர்லிஸ் பிக்ஸ்பி.
சுகாதார ஆணையர் வேடம், சாம்பல்நிறக் கோட்டு.
"எண்ணிக்கை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை"
என்று மூன்று காட்சிகளில் ஒன்பது தடவை சொல்ல வேண்டும்.
அவருக்கு நான் வைப்பதில்லை,
மறைப்பேன்.
காதுக்குப் பின்னால் இரண்டு,
காலருக்கு மேலே ஒன்று,
ஜனவரியிலிருந்து இமையில் ஒன்று.
கடையிலிருந்து திருடி வந்த ஏழாம் எண் பூச்சு,
மணப்பெண்களுக்கு விற்பது.

ஒரே கண்ணாடி, ஒரே பல்பு.
உண்மையைச் சொன்னால்,
அவரைப் பார்த்துத்தான் அவனுக்கு எழுதுவேன்.
ஆர்லிஸுக்கு அது தெரியும்.
தலையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டுவார்:
"நன்றாகப் பார்த்துக்கொள். இன்றைக்கு ஓரம் பழுப்பு."

பதினோராவது ஆட்டம் முடிந்த இரவு
யாரோ சொன்னார்கள், வேஷத்தோடே போவோம் என்று.
ஒளியமைத்த ரெமி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான்.
சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே
வைத்துவிட்டு ஓடினார்கள் அவனுக்கு.
எழுந்து வந்து எடுக்க முடியாதவனுக்கு.
ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது
ஐந்து தட்டு, ஐந்தும் ஆறி.

ஆகவே நாடகத்தின் தட்டுகளையே தூக்கிக்கொண்டோம்.
நகரமன்றத்தின் வாசலில் படிக்கு ஒரு தட்டு,
தட்டுக்கு ஒரு அட்டை ரொட்டி.
பார்க்க வந்தவர்களில் முப்பது பேர் கூடவே வந்தார்கள்.
ஒரு பெண் டிக்கெட்டை இன்னும் கையில் பிடித்திருந்தாள்,
அங்கேயும் கேட்பார்கள் என்பதுபோல.

போலீஸ் வந்தது.
பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் உறைகளோடு.
காஸிமிரை மூன்று பேர்
முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு இழுத்தார்கள்.
மூக்கு நுனிச் சாயம் ஒருத்தன் உறையில் ஒட்டிக்கொண்டது.
அலறினான். உதறினான்.
நேற்றைய பனியில் கையைத் தேய் தேய் என்று தேய்த்தான்.
"அது நாலு டாலர் களிம்புய்யா!"
கத்தியது நான்தான்.
யார் காதில் விழும்.

ஆர்லிஸிடம் வந்த சார்ஜன்ட் உறையைக் கழற்றினான்.
கோட்டைப் பார்த்தான், டையைப் பார்த்தான்.
"சார், நீங்கள் எப்படி இந்தக் கும்பலில்?
வழுக்கும், பார்த்து."
வெறுங்கையால் மணிக்கட்டைப் பிடித்து
ஒவ்வொரு படியாய் இறக்கிவிட்டான்,
தட்டுகளை மிதிக்காமல்.

ஆர்லிஸ் வாயே திறக்கவில்லை.
கடைசிப் படியில் நின்று
அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்,
நன்றி சொல்கிறவர்போல.
கொஞ்சம் அதிக நேரம்.
நான் தொடுவது தொழில். அதைச் சேர்க்காவிட்டால்
எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

பிறகு கைக்குட்டையை எடுத்தார்.
தெருவிளக்கின் கீழே, அவன் பார்த்திருக்க,
காதின் பின்னாலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

வியர்வைக்கு அசையாது, கண்ணீருக்கு அசையாது
என்று சொல்லித்தான் ஏழாம் எண்ணை விற்பேன்.
பொய்யில்லை.
மிகவும் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது
அவருக்கு.